பூனையின் வால் எலும்பில் சீழ்: மாத்திரையா, கத்தியா?

முதலில் வந்தது நாற்றம். மொட்டைமாடிப் படிக்கட்டில் படுத்திருந்த டீத்தூளைத் தூக்கி மடியில் போட்டேன். மீன் கழுவிய தண்ணீரை ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்திருந்ததுபோல ஒரு வாடை. வாலின் நடுவுக்குச் சற்றுக் கீழே முடி ஒட்டிக் கிடந்தது. விலக்கிப் பார்த்தால் உளுந்தளவு ஓட்டை. லேசாக அழுத்தியதும் காப்பி நிறத்தில் ஒரு சொட்டு வந்தது. அவன் கத்தவில்லை. திரும்பி என் மணிக்கட்டைப் பல்லால் பிடித்தான். அழுத்தவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தான்.

டீத்தூள் எங்கள் வீட்டு ஆண் பூனை. வயது மூன்று, எடை நாலு கிலோ. நிறத்துக்காக வைத்த பெயர். மூன்று வாரத்துக்கு முன்னால் தெருவில் திரியும் கடுவனோடு சண்டை போட்டு வாலில் கடி வாங்கி வந்திருந்தான். நாலாம் நாள் அது சீழ்க்கட்டியாக வீங்க, பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் கீறிச் சீழை எடுத்து, பத்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் வீக்கம் முழுக்க வடிந்துவிட்டது. மாத்திரை கொடுப்பது பெரும்பாடாக இருந்ததால் நானே நிறுத்திவிட்டேன். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாத் தொல்லையும் அந்த ஐந்தாம் நாளில் தொடங்கியது. பழி என்னுடையதுதான்.

இரண்டாவது முறை வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். "பாருங்க தம்பி, மத்த எலும்புக்கெல்லாம் ஓரம் கோடு போட்ட மாதிரி இருக்கு. இது மட்டும் கரையான் அரிச்ச மாதிரி இருக்கு." எலும்புக்குள் தொற்று போயிருந்தது. ஆஸ்டியோமைலைட்டிஸ் என்று சீட்டில் எழுதினார். அப்புறம் இரண்டு வழி சொன்னார். ஆறு வாரம் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் அரித்த எலும்புக்கு மேலே வாலை எடுத்துவிடலாம். இரண்டு நாளில் யோசித்துச் சொல்லச் சொன்னார்.

அந்த இரண்டு நாளும் அதற்குப் பின் வந்த வாரங்களும் எனக்குக் கற்றுக்கொடுத்ததை இங்கே வைக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. பூனை வளர்க்கிறவன், டாக்டரைக் கேள்வி கேட்டுக் குடைகிறவன், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பொறுத்துப் பார்ப்போம்" என்பது வாலில் படும் ஒருவகை அடிக்கு மிகச் சரியான முடிவு. இன்னொரு வகைக்கு அதுவே படுமோசமான முடிவு. எது எதற்கு என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எந்த வால், எந்தப் புண்?

பூனையின் வாலில் ஏறக்குறைய இருபது சின்ன முள்ளெலும்புகள் கோத்த மாதிரி வரிசையாக இருக்கின்றன. அடியில் பருத்தவை, நுனிக்குப் போகப் போகத் தீக்குச்சி மாதிரி மெலிந்துவிடும். மேலே மெல்லிய தோல், அதற்கடியில் கொஞ்சம் சதை, உடனே எலும்பு. கடுவனின் கோரைப்பல் ஊசி மாதிரி. தொடையில் பட்டால் சதையோடு நின்றுவிடும். வாலில் பட்டால் நேரே எலும்பைத் தொட்டுவிடும். பல் வெளியே வந்ததும் தோல் மூடிக்கொள்ளும். பூனை வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகளும், காற்று இல்லாமலே வளரும் கிருமிகளும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்த நாற்றத்துக்குக் காரணம் இந்த இரண்டாவது வகைதான். கடி பட்ட அன்று ஒன்றும் தெரியாமல், மூன்று நாலு நாள் கழித்துத் திடீரென்று வீங்குவதும் இதனால்தான்.

தோலும் சதையும் மட்டும் கெட்டிருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. சீழை வடியவிட்டு, கழுவி, மருந்தைச் சொன்ன நாள் முழுக்கக் கொடுத்தால் ஆறிவிடும். வாலை எடுப்பதைப் பற்றி அங்கே பேச்சே தேவையில்லை. சிக்கல் எலும்புக்குள் போனபின்தான். ஆறிய புண் மறுபடி வாய் திறப்பது, வாலில் ஒரு கணு மட்டும் பருத்துச் சூடாக இருப்பது, தொட்டால் சீறுவது, ஓட்டையிலிருந்து நாட்கணக்கில் ஏதோ வடிந்துகொண்டே இருப்பது, இவையெல்லாம் எலும்பைச் சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள்.

எக்ஸ்ரே விஷயத்தில் ஏமாந்துபோகக் கூடாது. எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகுதான் படத்தில் தெரியும். தொற்று தொடங்கி இரண்டு வாரம்வரைகூடப் படம் சுத்தமாக இருக்கலாம். முதல் வாரத்தில் எடுத்த எக்ஸ்ரே நன்றாக இருந்தது என்பதற்காக எலும்பு தப்பித்தது என்று அர்த்தமில்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு படம் எடுத்துத்தான் முடிவுக்கு வர முடியும்.

கதவிலோ கிரில் கேட்டிலோ நசுங்கிய வால், பைக் சக்கரத்தில் மாட்டித் தோல் உறை மாதிரி உரிந்த வால், வேர்ப்பகுதியில் இழுபட்டுத் தொங்கும் வால், இவை தனித்தனிக் கதைகள். கடைசி வகைக்குப் பிறகு வருகிறேன். அது முழுக்க வேறு கணக்கு.

ஆறு வார மாத்திரை

மாத்திரை வழியின் கவர்ச்சி எல்லோருக்கும் தெரியும். வால் தப்பிக்கும், மயக்க மருந்து இல்லை, கத்தி இல்லை. அம்மா உடனே இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். "வாலை வெட்டிட்டா அப்புறம் அது பூனையாடா?"

சிக்கல் எலும்பின் இயல்பில் இருக்கிறது. மருந்து ரத்தத்தில்தான் பயணம் செய்கிறது. தொற்றில் செத்துப்போன எலும்புத் துண்டுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அந்தத் துண்டின்மேல் கிருமிகள் பாசி மாதிரி ஒரு படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். சுற்றியுள்ள சதையில் மருந்து எவ்வளவு ஓடினாலும் அந்தக் கோட்டைக்குள் நுழைவது கஷ்டம். அதனால்தான் தோலுக்கு ஒரு வாரம், பத்து நாள் என்று கொடுக்கும் மருந்தை எலும்புக்கு நாலிலிருந்து எட்டு வாரம்வரை கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுத்தும் செத்த துண்டு உள்ளே இருந்தால், மருந்தை நிறுத்திய சில வாரங்களில் மறுபடி சீழ் வைக்கலாம்.

இரண்டாவது விஷயம், எந்த மருந்து என்பது. ஊகத்தில் ஆறு வாரம் கொடுப்பது வீண். உள்ளிருந்து சீழோ எலும்புத் துணுக்கோ எடுத்துக் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பி, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசிகிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஓட்டையின் வாயில் பஞ்சை ஒற்றி எடுப்பது அவ்வளவு நம்பகமில்லை. அங்கே பூனை நக்கிய எச்சில் கிருமியும் தரைக் கிருமியும் கலந்திருக்கும். காற்றில்லாமல் வளரும் கிருமிகளுக்குத் தனிக் குப்பி வேண்டும், அதையும் கேட்டு வாங்குங்கள்.

மாத்திரைகளிலும் ஒவ்வொன்றுக்கு ஒரு குணம். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் பெரும்பாலும் முதலில் வருவது; சோற்றோடு கொடுத்தால் வாந்தி குறையும். கிளிண்டாமைசின் எலும்புக்குள் நன்றாகப் போகும், ஆனால் மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கி, பிறகு குழாயே சுருங்கிவிடும் அபாயம் உண்டு. மாத்திரை போட்ட கையோடு ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீர் விட வேண்டும். டாக்ஸிசைக்ளினுக்கும் இதே எச்சரிக்கை. என்ரோஃப்ளாக்ஸசின் அளவு மீறினால் பூனையின் விழித்திரை கெட்டு நிரந்தரமாகப் பார்வை போய்விடும். நாய்க்குக் கொடுத்த மிச்சத்தைக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற மருந்து அல்ல அது.

இப்போது நடைமுறைக்கு வருவோம். ஆறு வாரம், காலை மாலை. மொத்தம் 84 தடவை. அந்த ஐந்து நாளில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் புரியும். முதல் நாள் கருவாட்டுத் தூளில் புரட்டிக் கொடுத்தேன், தின்றான். இரண்டாம் நாள் தூளை மட்டும் நக்கிவிட்டு மாத்திரையைப் பளபளவென்று தட்டில் விட்டுப் போனான். மூன்றாம் நாள் துண்டில் சுற்றி, தாடையைப் பிடித்து, நாக்கின் அடிவரை தள்ளி, தொண்டையைத் தடவி, விழுங்கிவிட்டான் என்று விட்டால், பத்து நிமிஷம் கழித்து சோபாவுக்கு அடியில் நனைந்த மாத்திரை. நாலாம் நாளிலிருந்து மாத்திரை அட்டையின் சத்தம் கேட்டாலே பரணில் ஏறிவிடுவான். 84 என்ற எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, உங்கள் பூனையின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள். பாதியில் விடப்போகிறீர்கள் என்று உள்மனசுக்குத் தெரிந்தால் இந்த வழி உங்களுக்கானது அல்ல. அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும்.

இருந்தாலும் மாத்திரைதான் சரி என்று சொல்லும் நிலைமைகள் இருக்கின்றன. தொற்று மிக ஆரம்பத்தில் இருந்து, எக்ஸ்ரேயில் செத்த துண்டு எதுவும் பிரிந்து தெரியாமல், கல்ச்சரில் சாதாரண மருந்துக்கே மசியும் கிருமி வந்து, பூனையும் மாத்திரைக்குச் சம்மதிக்கிற ரகமாக இருந்தால், தாராளமாக முயற்சி செய்யலாம். சிறுநீரகம் கெட்ட, இதயக் கோளாறுள்ள கிழட்டுப் பூனையை மயக்கத்தில் போட டாக்டர் தயங்கினாலும் இதுதான் வழி. புண் வாலின் வேரிலேயே இருந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் அங்கே கத்தி வைப்பது சின்ன வேலை இல்லை.

எலும்பை மட்டும் சுரண்டிவிட்டு வாலை வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டேன். செய்யலாம். காலிலோ தாடையிலோ என்றால் அதைத்தான் செய்வார்கள், அங்கே எலும்பு வேண்டும். வாலில் சுரண்டிய பள்ளத்தை மூடச் சதை கிடையாது, தோல் இழுத்து மூடாது, மயக்க மருந்தும் கொடுத்தாக வேண்டும். அறுவையின் ரிஸ்க் முழுசாக இருக்கிறது, பலன் அரைகுறை. எனக்கு இது இரண்டுங்கெட்டானாகத்தான் பட்டது.

வாலை எடுப்பது

கத்தியின் பக்கம் உள்ள பெரிய நியாயம் இது. உடம்பில் எலும்புத் தொற்று வரக்கூடிய இடங்களிலேயே, தொற்றை எலும்போடு சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடிய மிகச் சில இடங்களில் ஒன்று வால். தொடை எலும்பை அப்படித் தூக்கி எறிய முடியாது. வாலில் முடியும்.

எலும்பின் நடுவே அறுப்பதில்லை. இரண்டு முள்ளெலும்புகள் சேரும் மூட்டில் பிரிக்கிறார்கள். கெட்ட எலும்புக்கு மேலே ஒன்றிரண்டு நல்ல எலும்பையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள், அப்போதுதான் வெட்டுமுனை சுத்தமாக இருக்கும். தோலை மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டு மடித்துத் தைப்பார்கள். நுனிமேல் தோல் இறுக்கமாக நின்றால் தையல் பிரிந்துவிடும். வெட்டிய இடத்திலிருந்து ஒரு துணுக்கைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள். முனை சுத்தம் என்று வந்தால் அதன்பின் கொஞ்ச நாள் மருந்து போதும். வயதான பூனை என்றால், எடுத்த துண்டைத் திசுப் பரிசோதனைக்கும் அனுப்புவது நல்லது; எலும்புப் புற்றும் எக்ஸ்ரேயில் இதே மாதிரி அரித்துத்தான் தெரியும்.

மயக்க மருந்துப் பயம் எனக்கும் இருந்தது. பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நாய் பூனைகளை வைத்து நடந்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான பூனைகளில் ஏறக்குறைய 900-க்கு ஒன்று மயக்கத்தாலோ அதையொட்டியோ இறந்திருக்கிறது. நோயுற்ற பூனைகளில் அது 70-க்கு ஒன்று என்ற அளவுக்கு ஏறுகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். பூனை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, எடை குறையாமல் இருக்கும்போது அறுவை செய்வதும், இரண்டு மாதம் மாத்திரையில் தள்ளாடி, சீழ் ரத்தத்தில் கலந்து, காய்ச்சலில் சுருண்டபின் செய்வதும் ஒன்றல்ல. எப்படியும் எடுக்கத்தான் போகிறோம் என்றால் தள்ளிப்போடுவதில் லாபமே இல்லை. முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை, மூச்சுக்குழாயில் டியூப், உடம்புச் சூடு இறங்காமல் பார்ப்பது, முதுகுத்தண்டின் அடியில் போடும் மரத்துப்போகும் ஊசி, இவை உண்டா என்று கேட்டால் எந்த நல்ல டாக்டரும் முகம் சுளிக்க மாட்டார்.

வால் போனால் பூனை விழுந்துவிடுமா? மதில்மேல் நடக்கும்போது வால் எதிர்ப்பாரமாக வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனால் பூனை சீக்கிரம் பழகிவிடும். பிரிட்டனை ஒட்டிய மான் தீவின் மேங்ஸ் பூனைகள் பல பிறவியிலேயே வாலில்லாதவை. அவை மரமும் ஏறும், எலியும் பிடிக்கும். (மேங்ஸ் பூனைகளுக்கு முதுகெலும்பிலும் சிறுநீரிலும் கோளாறு வருவதுண்டு. அது வாலைக் குட்டையாக்கும் அதே மரபணு செய்யும் வேலை, வால் இல்லாததன் விளைவு அல்ல.) பாதி வால் மிஞ்சினால் கவலையே வேண்டாம்.

இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வால் பூனைக்குப் பேச்சு. கோபம், பயம், "வந்துட்டியா" என்று கேட்பது எல்லாம் அதில்தான். குட்டையான வாலை மற்றப் பூனைகளால் சரியாகப் படிக்க முடியாமல் போகலாம். ஒரே வீட்டில் நாலைந்து பூனை வைத்திருப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அறுவைக்குப் பின்னால் வருவது ஒன்றும் சுகமான பத்து நாள் இல்லை. கழுத்தில் கூம்பு மாட்டியாக வேண்டும். கழற்றிய ஐந்து நிமிஷத்தில் தையலைப் பிரித்துவிடும் பூனைகள் உண்டு. வாலின் மிச்சத்தை ஆட்டிச் சுவரில் அடித்துக்கொண்டு ரத்தத்தைத் தெறிக்கவிடும். அரிதாகச் சில பூனைகளுக்கு வெட்டுண்ட நரம்பு முனையில் கட்டி மாதிரி உருவாகி, தொட்டாலே கூசும். தையல் பிரிந்தாலோ முனை கறுத்தாலோ இன்னொரு எலும்பு மேலேறி மறுபடி வெட்ட வேண்டியும் வரலாம். வெட்டும் இடம் வேரை நெருங்க நெருங்க ஆசனவாய்க்குப் பக்கத்தில் உள்ள நரம்புகளும் கழிவு படுவதால் வரும் தொற்றும் கவலை தரும். நுனியில் எடுப்பதும் அடியில் எடுப்பதும் ஒரே பெயரில் இரண்டு அறுவைகள்.

பணம்? தனியாரில் எனக்குச் சொன்னதை வைத்து நான் காகிதத்தில் போட்டுப் பார்த்த கணக்கில், ஆறு வார மாத்திரை, கல்ச்சர், இரண்டு எக்ஸ்ரே, வந்துபோகும் ஆட்டோ எல்லாம் சேர்ந்து 7,500 ரூபாயைத் தொட்டது. அறுவை 12,000. மாத்திரை தோற்று அதன்பின் அறுவை என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும். அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கையில் அவ்வளவு இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னையில் வேப்பேரி (1903-லிருந்து இயங்கும் கல்லூரி), நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி. காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும். பூனையைக் கூடையில் மூடி எடுத்துப்போங்கள், அங்கே நாய்களும் வரும்.

பொறுக்க வேண்டிய வால்

இப்போது அந்த வேறு கணக்கு. பைக் சக்கரமோ கதவோ வாலைப் பிடித்துக்கொள்ள, பூனை பயந்து முன்னால் பாய்ந்தால், வால் வேரோடு இழுபடும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. வால் மட்டும் ஈரத்துணி மாதிரித் தொங்கும். இங்கே ஆபத்து வாலுக்கு இல்லை. சிறுநீர்ப்பையையும் ஆசனவாயையும் இயக்கும் நரம்புகள் வாலின் நரம்புகளோடு சேர்ந்தே அந்த இடுப்படியில் ஓடுகின்றன. இழுப்பில் அவையும் அறுபடலாம். பூனையால் சிறுநீர் போக முடியாது. அல்லது பை நிறைந்து சொட்டுச் சொட்டாக ஒழுகும். ஒழுகுவதைப் பார்த்து "போகத்தானே செய்யுது" என்று நினைத்துவிடுவது இதில் நடக்கும் மோசமான தவறு.

டாக்டர் வாலின் அடியைக் கிள்ளிப் பார்ப்பார். பூனை திரும்பிச் சீறினால் சந்தோஷப்படுங்கள், அங்கே உணர்வு இருந்தால் சிறுநீர் பழையபடி வர நல்ல வாய்ப்பு. உணர்வு இல்லாவிட்டாலும் உடனே கைவிடுவதற்கில்லை. தேறும் பூனைகளில் பெரும்பாலானவை ஒரு மாதத்துக்குள் சிறுநீர்க் கட்டுப்பாட்டைத் திரும்பப் பெற்றுவிடுகின்றன. அதுவரை நாளைக்கு மூன்று வேளை போலப் பையைக் கையால் மென்மையாக அமுக்கிக் காலி செய்ய வேண்டும். டாக்டர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்காமல் செய்யக் கூடாது. ஓர் ஆண் பூனை ஒரு நாள் முழுக்கச் சிறுநீரே போகவில்லை என்றால் அது விடியும்வரை காத்திருக்கிற விஷயமே இல்லை.

இந்த வகையில் வாலை வெட்டுவதா என்ற கேள்வி இரண்டாம் பட்சம். உணர்வில்லாத வால் மலத்தில் புரண்டு அழுக்காகும், கதவிடுக்கில் மாட்டும். அதற்காகப் பிறகு எடுக்கலாம். வெட்டினால் சிறுநீர் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இங்கே பொறுமைதான் மருந்து. எலும்பில் சீழ் வைத்த வாலில் அதே பொறுமை கிருமிக்குச் சோறு போடும்.

எந்த வழியானாலும் செய்யக் கூடாதவை

பூனை வலியில் இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அதை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்குப் போதாது. மனிதருக்கான மாத்திரையில் பாதி போதும், ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறிச் சாகும். வலிக்கு டாக்டர் கொடுப்பது வேறு.

டெட்டாலும் வேண்டாம், கற்பூரம் கலந்த எண்ணெயும் வேண்டாம். நம் ஊரில் புண்ணை இரண்டு நாள் விட்டால் ஈ உட்கார்ந்து புழு வைத்துவிடும். மாட்டுக்குச் செய்வதுபோலக் கற்பூரம் வைக்கச் சொன்னார் கீழ்வீட்டு அக்கா. மாடு தன் புண்ணை நாள் முழுக்க நக்கிக்கொண்டிருப்பதில்லை. பூனைக்குத் தடவியதெல்லாம் வயிற்றுக்குப் போகும், கற்பூரம் அதற்கு விஷம். புழு இருந்தால் டாக்டரிடம் எடுத்துவிடச் சொல்லுங்கள். வீட்டில் கழுவ சலைன் போதும், இல்லையென்றால் பால் விடாத லைட் டீ நிறத்துக்கு நீர்க்க விட்ட பொவிடோன் அயோடின்.

துணியால் இறுக்கிக் கட்டுவதும் தப்பு. வாலில் கட்டு நழுவும், நழுவுகிறதே என்று இறுக்குவோம், ரத்தம் நின்று நுனி கறுத்துவிடும்.

வலியில் இருக்கும் பூனை உங்களைக் கடித்தால், சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ரேபீஸ் தடுப்பூசிக்குப் போய்விடுங்கள். "நம்ம வீட்டுப் பூனைதானே" என்பது வெளியே போய்ச் சண்டை போட்டுவரும் பூனைக்குப் பொருந்தாது.

நாங்கள் எடுத்த முடிவு

டீத்தூளின் புண் வாலின் நடுவுக்குக் கீழே. மேலே நல்ல எலும்பு நிறைய மிச்சம். எக்ஸ்ரேயில் ஒரு சின்னத் துண்டு தனியாகப் பிரிந்து கிடந்தது. வயது மூன்று, ரத்தப் பரிசோதனை சுத்தம். மாத்திரையில் அவன் சாதனை ஐந்து நாள். இதையெல்லாம் வரிசையாக எழுதி முடித்தபோது நான் யோசிக்க எதுவும் மிஞ்சவில்லை. உங்கள் பூனைக்கு இதே வரிசையை எழுதுங்கள். புண் வேரில் என்றாலோ, பூனைக்குப் பதினைந்து வயது என்றாலோ நானே மாத்திரைப் பக்கம் நின்றிருப்பேன்.

அதே மயக்கத்தில் கருத்தடையும் செய்துவிடலாமா என்று கேட்டேன், சண்டைக்கு மூலகாரணம் அதுதானே. சீழுள்ள அறுவையோடு அதைச் சேர்க்க வேண்டாம், ஆறு வாரம் போகட்டும் என்றார் டாக்டரம்மா. கடியால் பரவி, பூனையின் நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்ஐவி வைரஸுக்கான பரிசோதனையும் அப்போதே செய்யலாம். கடித்து இரண்டு மாதமாவது ஆகாமல் அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டாது என்றார். அது இருந்தாலும் அறுவை கூடாது என்பதில்லை, ஆறுவது தாமதமாகலாம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த அன்று வாலில் முடி மழித்து, மிச்சம் ஒரு சாண் நீளத்துக்கு, பெருச்சாளி வால் மாதிரி இருந்தது. கூம்போடு கதவு நிலையில் முட்டி முட்டிப் பின்வாங்கினான். கல்ச்சர் முடிவு நாலாம் நாள் வந்தது. வெட்டுமுனையில் கிருமி இல்லை. மீதி மருந்தை ஊசியாகவே போட்டுவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். அன்று சாயங்காலம் பிரிட்ஜ்மேல் ஏற ஒரு தாவு தாவி, அளவு தப்பி, முன்னங்காலால் தொங்கிவிட்டு இறங்கினான். யாரும் பார்க்கவில்லை என்பதுபோல உட்கார்ந்து காதைச் சொறிந்தான். மூன்றாம் நாள் சரியாக ஏறிவிட்டான்.

கோபம் வந்தால் அந்த மிச்ச வால் இப்போதும் படபடவென்று தரையில் அடிக்கிறது. அம்மா அவனை மொட்டை என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். மத்தித் தலை வைக்கும்போது மட்டும் டீத்தூள்.